சல்லடை ரூமுக்குக் கற்பூரம்

“…உங்க சாமிக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லண்ணே. இந்த ரூமுக்கும் தீக்குச்சிக்கும்தான் சண்டை” என்று சொல்லிக்கொண்டே இன்சார்ஜ் அம்மா சல்லடை ரூம் வாசலில் குறுக்கே வந்து நின்றார். எதிரே, உலையில் உலோகம் உருக்குகிற ஃபர்னஸ் அண்ணாத்தே. அவர் கையில் பித்தளைத் தட்டு, தட்டில் வெற்றிலைமேல் குவித்த கற்பூரம், நெற்றியில் அப்போதுதான் இட்ட விபூதி. தீப்பெட்டி சட்டைப்பையில் இருந்தது. துணிக்கு மேலேயே அதன் சதுரம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருத்தர், பொரி மூட்டையோடு ஒருத்தர், கையைக் கட்டிக்கொண்டு நான். ஆயுத பூஜைக் காலை. பக்கத்து ஷெட்டுகளில் எல்லாம் மேளமும் தேங்காய் உடைக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. எங்கள் ஷெட்டில் மட்டும் பூஜை வாசலிலேயே நின்றுபோயிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்வரிசையில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் கம்ப்ரஸர் ஓட்டினேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் மனிதர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க அதை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பேன், இப்போதும் அப்படித்தான். நாங்கள் செய்தது அலுமினியத் தூள். என் அம்மா சொந்தக்காரர்களிடம் “பையன் பவுடர் கம்பெனில வேலை பாக்குறான்” என்று சொல்லிவைக்க, அண்ணனூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் முகத்துக்குப் போட ஒரு டப்பா கிடைக்குமா என்று கேட்டார்கள். இது பெயின்டுக்கும் பட்டாசுக்கும் போகிற தூள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

உலோகத்தை எப்படித் தூளாக்குவது என்று கேட்டால் எல்லோரும் உரலையும் உலக்கையையும்தான் நினைத்துக்கொள்வார்கள். நானும் சேர்ந்த அன்று அப்படித்தான் நினைத்தேன். எங்கள் இடத்தில் இடிப்பது, அரைப்பது எதுவும் கிடையாது. இஸ்திரி போடுகிறவர் சட்டையை விரித்துவைத்து, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு “ப்பூ” என்று ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். கொத்தாக இருந்த தண்ணீர் பொடிப்பொடியாய் உடைந்து துணிமேல் இறங்கும். அதுதான் மொத்தத் தொழிலும். தண்ணீருக்குப் பதில் உருகிய அலுமினியம், வாய்க்குப் பதில் நாசில், மூச்சுக்குப் பதில் என்னுடைய கம்ப்ரஸர். ஃபர்னஸில் கட்டி கட்டியாய்ப் போட்ட அலுமினியம் பாதரசம்போல் தளதளவென்று நிற்கும். நாசிலின் ஒரு முனை அதில் முங்கியிருக்கும். சூடாக்கிய காற்றை நான் அழுத்திக் கொடுத்தால், காற்று போகிற வேகத்தில் உலோகம் தானாக மேலே உறிஞ்சப்பட்டு, நாசில் வாயில் புகையாகச் சிதறும். சிதறிய துளி பெரிய குழாய்க்குள் போகும்போதே ஆறிப்போய் மணியாகிவிடும். கூம்பு மாதிரி ஒரு தொட்டிக்குள் அது சுழன்று சுழன்று அடியில் இறங்கும். பிறகு சல்லடை ரூம். கனமானது ஒரு பீப்பாய், நடுத்தரம் ஒரு பீப்பாய், கடைசியாக மைதாவைவிட மெல்லியது ஒன்று. அந்தக் கடைசித் தூளில் விரலை வைத்தால் தொட்ட மாதிரியே இருக்காது. விரலைப் பார்த்தால்தான் வெள்ளியாயிருக்கும்.

சல்லடை ரூம் ஆட்களுக்குக் கண் இமையெல்லாம் வெள்ளி. என்னதான் துடைத்தாலும் காது மடலின் மடிப்பில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். சாயங்கால ரயிலில் நெரிசலில் நிற்கும்போது யாருடைய காது மினுங்குகிறதோ அவர் நம்ம கம்பெனி என்று அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.

அழகாகத்தான் இருக்கும். ஆனால் கட்டியாக இருக்கும்போது அடுப்பில் வைத்துச் சமைக்கிற பாத்திரமாக நம்மோடு இருக்கிற அதே அலுமினியம், அவ்வளவு மெல்லிய தூளாகிக் காற்றில் நிற்கும்போது ஒரு பொறி பட்டால் போதும், அறை முழுவதும் ஒரே நேரத்தில் தீயாகிவிடும். அணைக்கத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம், மணல்தான் போட வேண்டும். அதனால்தான் அங்கே ஆயிரம் கட்டுப்பாடு. நைலான் சட்டை கூடாது, பருத்திதான். செல்போன் கேட்டிலேயே. கூட்டுவதற்கு மெல்லிய பிரஷ். காற்றடித்துச் சுத்தம் செய்வது கூடவே கூடாது. இதையெல்லாம் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். பலகைமேலும் தூள் படிந்து எழுத்து பாதி மறைந்திருந்தது.

இன்சார்ஜ் அம்மா வந்த பிறகுதான் அந்தப் பலகையைத் துடைத்தார்கள். அவருக்கு ஊர் ஆவடி. பாடியில் ஒரு பழைய ஃபேக்டரியின் தரச்சோதனைப் பிரிவில் இருந்துவிட்டு எங்களிடம் சல்லடை ரூமுக்கு இன்சார்ஜாக வந்தவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிஷம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ரூமுக்குள் வந்தால் ஜன்னல் விளிம்பு, சுவிட்ச் பெட்டியின் தலை, பைப்பின் முதுகு என்று ஆள் பார்க்காத இடமாகப் பார்த்து விரலால் ஒரு கோடு இழுப்பார். விரல் வெள்ளியானால் எங்கள் பக்கம் திரும்பி, “இங்க ஒருத்தர் தூங்கறாரு. எழுப்பாம தூக்கிட்டுப் போங்க” என்பார். தூளை அவர் தூள் என்று சொன்னதே குறைவு. தூங்குறவர், தூங்குறவங்க. ஒருநாள் புதிதாகச் சேர்ந்தவர் பிரஷ்ஷை விசிறி மாதிரி வீசிக் கூட்டினார். அம்மா பதறாமல், “தம்பி, படுத்திருந்தா அவரு குழந்தை. எழுந்து நின்னாருன்னா நம்மால பேச முடியாது” என்றார். இதை நான் பிற்பாடு எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் மறந்ததில்லை.

ஃபர்னஸ் அண்ணாத்தே இன்னொரு மாதிரி ஆள். குத்தம்பாக்கம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். தம்பியையும் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்து கம்பெனியில் சேர்த்தவர். தான் நெருப்போடு நின்றுகொண்டு, நெருப்பு இல்லாத இடம் என்று தம்பியைச் சல்லடை ரூமில் விட்டார். எல்லோரையும் மாமே என்பார், அதட்டுவார், டீ வாங்கிக் கொடுப்பார். உருகின உலோகத்தின் நிறத்தை ஓரக்கண்ணால் பார்த்து, “இன்னா மாமே, உன் காத்துக்கு வயசாயிட்ச்சா? இருமுது பாரு” என்று என் கம்ப்ரஸரைக் கிண்டல் செய்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். போய்ப் பார்த்தால் ஏதாவது ஒரு வால்வு கசியும்.

இன்சார்ஜ் அம்மா வருவதற்கு முந்தின வருஷம் அவசரமாக ஒரு லோடு போக வேண்டியிருந்தது. முதலாளி கேட்டுக்கொண்டதால் ஆயுத பூஜையன்றும் வேலை நடந்தது. பூஜையைப் பிறகு ஒருநாள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் சல்லடை ரூமில் ஒரு வெளிச்சம் அடித்தது. வெடித்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஒரு பெரிய கம்பளியை உதறின மாதிரி. உள்ளே இருந்தவன் அண்ணாத்தேயின் தம்பி. உயிர் தங்கியது. முகமும் இரண்டு கையும் வெந்துபோயிற்று. பல மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான், வேலைக்குத் திரும்பவில்லை. யாரோ துருப்பிடித்த இரும்பு முறத்தைச் சிமென்ட் தரையில் இழுத்ததால் பொறி வந்திருக்கும் என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அண்ணாத்தே அதைக் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார். ஆனால் அவருக்குள் காரணம் ஒன்றுதான். கற்பூரம் காட்டாத மெஷின் தம்பியைத் தொட்டுவிட்டது. ஒரே நெருப்பு, பிற்பாடு வந்த இன்சார்ஜ் அம்மா அதை இரும்பு முறத்தில் பார்த்தார், அண்ணாத்தே அதை ஏற்றாத கற்பூரத்தில் பார்த்தார்.

அதனால்தான், இந்த வருஷம் பூஜையில் ரூமுக்குள் கற்பூரம் கிடையாது என்று அம்மா முன்கூட்டியே சொன்னபோது அது சின்ன விஷயமாகப் போகவில்லை. டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. “சர்ச்சுக்குப் போறவங்கோ. கற்பூரம்னா எப்டி ஒத்துக்கும்?” என்று ஒருத்தர் சொல்ல, “அவுங்க மெழுகுவத்தி ஏத்தலாமாம், நாம கற்பூரம் ஏத்தக்கூடாதாம்” என்று இன்னொருத்தர் எடுத்துக்கொடுத்தார். நான் அங்கேதான் நின்று டீ குடித்தேன். அம்மாவின் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது, போகாமலிருக்குமா. கற்பூரம் காட்டாவிட்டால் மறுநாள் ஒருத்தனையும் சல்லடை ரூமுக்குள் விட மாட்டேன் என்று அண்ணாத்தே முதலாளியிடமே போய்ச் சொன்னார். முதலாளி நல்ல மனுஷர், சண்டை என்றால் ஒதுங்கிக்கொள்வார். மெஷின்தான் ஓடவில்லையே மேடம், அஞ்சு நிமிஷ வேலைதானே என்று அம்மாவிடம் வந்து கெஞ்சியிருக்கிறார். உள்ளே தீக்குச்சி போகும் என்றால் அன்றோடு நான் வேலைக்கு வரமாட்டேன், நீங்களே பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள் என்று அம்மா அமைதியாகச் சொல்லிவிட்டார். நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி தன் காருக்குப் பூஜை போட வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது நான் தனியாக கம்ப்ரஸர் சர்வீஸ் செய்கிறேன். பழைய ஷெட்டில் பார்சல் கம்பெனிக்காரர்கள் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக் கம்பெனிக்குப் போனேன், அங்கேயும் உலோகத் தூள்தான். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் ஊதுகிறார்கள். தூள் ஒவ்வொன்றும் கடுகு மாதிரி முழு உருண்டை; அதை அடுக்கடுக்காக உருக்கி ஒட்டிக் கம்ப்யூட்டர் சொன்ன வடிவத்தில் பாகம் செய்கிறார்களாம். உள்ளே மனுஷன் கையே படுவதில்லை. காற்றில் தூள் கூடினால் எங்கோ ஒரு விளக்கு மஞ்சளாகும், சிவப்பாகும், எல்லாம் தானாக நின்றுவிடும். சுற்றிக் காட்டிய இன்ஜினியர் பொண்ணு சந்தோஷமாக எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கேட்டுக்கொண்டே, என்னை அறியாமல், ஒரு பைப்பின் முதுகில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. என்ன சார் பார்க்கிறீர்கள் என்றாள். அப்போதுதான் அந்தப் பூஜைக் காலையை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

அன்று அம்மா வந்த பஸ் தாமதம். அதற்குள் பேக்கிங் ஆட்கள் ஆசை ஆசையாக ரூமை அலங்கரித்துவிட்டார்கள். கீழே ஒரு துளி தூள் இல்லாமல் கூட்டி, சல்லடை மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழை இலை போட்டு, எல்லாம் முறையாகத்தான். பிறகு ஏணி போட்டு ஏறி, கூரையின் இரும்புச் சட்டங்களில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கலர்த்தாள் தோரணம் கட்டினார்கள். எல்லாக் கம்பெனியிலும் ஆயுத பூஜைக்குச் செய்கிறதுதானே. வருஷம் பூராவும் யாரும் ஏறாத சட்டங்கள் அவை. ஏணியைச் சாய்த்ததிலும், நூலை இழுத்துக் கட்டியதிலும், தோரணம் காற்றில் ஆடியதிலும் மேலே படுத்திருந்தது மெல்ல மெல்ல உதிர்ந்தது. கூரையில் ஒரு கண்ணாடி ஷீட் உண்டு. அது வழியாக விழுந்த வெயிலில் அறை முழுக்க வெள்ளி மினுமினுத்தது. சாமி ரூமில் சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அண்ணாத்தே தட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அம்மா கேட்டிலிருந்து நேராக, பையைக்கூட வைக்காமல் வந்து, வாசலில் நின்றார்.

சண்டை இந்த ரூமுக்கும் தீக்குச்சிக்கும்தான் என்று அவர் சொன்னதும் அண்ணாத்தேயின் முகம் சிவந்தது.

“இன்னாம்மா பேசறீங்கோ. என் ஃபர்னஸ்ல வருசம் முச்சூடும் நெருப்பு எரியுது. அது வெடிக்கல. இத்துனூண்டு கற்பூரத்துக்கா வெடிக்கும்?”

 அம்மா இதற்குச் சொல்லக்கூடிய பதில் அண்ணாத்தேக்கும் தெரிந்ததுதான். அங்கே அது குழம்பாய்க் கிடக்கிறது, இங்கே புகையாய் நிற்கிறது. தெரியாமல் அண்ணாத்தே பேசவில்லை. பயந்துபோய்ப் பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

“போன தபா காட்டல. என்னா ஆச்சுனு எனுக்குத் தெரியும். என் தம்பி இப்போ கண்ணாடி பாக்கறதில்லம்மா. ஊட்ல இருந்த கண்ணாடியெல்லாம் எங்கம்மா எட்த்து பரண்ல போட்டுட்ச்சு. நாளைக்கு இவனுங்கள உள்ள அனுப்பிட்டு நான் ஃபர்னஸாண்ட நிம்மதியா நிக்கணுமா இல்லியா?”

பூசணிக்காய் வைத்திருந்தவர் அதைக் கீழே இறக்கி வைத்தார். அம்மா வாசலில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். உள்ளே விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையை மட்டும் உள்ளே காட்டினார். “பாருங்கண்ணே. எல்லாரும் எழுந்து நிக்கறாங்க” என்றார்.

கண்ணாடி ஷீட் வழியாக வந்த வெயில் ஒரு தூணாக நின்றது. தூணுக்குள் வெள்ளி மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருந்தது, இறங்குவதாகவே தெரியவில்லை. அண்ணாத்தே பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், கடைசியாகச் சட்டங்களைப் பார்த்தார். அவர் கை சட்டைப்பைக்குப் போனது. தீப்பெட்டியை எடுத்து, பின்னால் திரும்பாமலே என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே நடந்தேன். வேகமாக நடக்கக்கூடத் தைரியம் வரவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணாத்தே அதே இடத்தில் நின்றிருந்தார். “அப்போ மெஷினுக்கு?” என்று கேட்டார்.

“நீங்க ஃபர்னஸாண்ட போய் இலை போடுங்க. மெஷினை நான் கொண்டாரேன்” என்றார் அம்மா.

வேறு யாரையும் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். தண்ணீரில் நடக்கிற மாதிரி காலைத் தூக்காமல் நகர்ந்து நகர்ந்து போனார். சல்லடையின் வட்டச் சட்டத்தை இறுக்கியிருந்த பிடிகளைக் கையாலேயே தளர்த்தி, கம்பி வலையோடு அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அதே நடையில் வெளியே வந்தார். முற்றத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தார். சந்தனம் குங்குமம் மட்டும் அழியாமல் சுற்றித் துடைத்தார். அவர் முடி, புருவம், புடவைத் தோள் எல்லாம் வெள்ளி. உதறாமல் வேறு ஒரு துணியால் அதையும் ஒற்றி எடுத்துக்கொண்டார். பிறகு சட்டத்தை இரண்டு கையாலும் ஏந்தி, முற்றத்தைத் தாண்டி, நாலு பக்கமும் திறந்த ஃபர்னஸ் கொட்டகைக்குக் கொண்டுவந்து அண்ணாத்தே போட்ட இலையில் வைத்தார்.

கற்பூரம் எரிந்தது. அண்ணாத்தே முதலில் சல்லடைக்குக் காட்டினார், அதற்கு அப்புறம்தான் தன்னுடைய ஃபர்னஸுக்கு. பூசணிக்காய் கேட்டுக்கு வெளியே உடைந்தது. ஒவ்வொருத்தராக வந்து சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தட்டு வரிசையாக வந்து அம்மா முன்னால் நின்றது. டீக்கடையில் பேசினவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். அண்ணாத்தே தட்டை நீட்டவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

“உங்களுக்கு இது ஒத்துக்காது, தெரியும்மா” என்றார். “ஆனா நாளைக்கு இவனுங்களோட உள்ள போறது நீங்கதான். நீங்களும் ஒரு வார்த்த சொல்லணும். உங்க சாமியாண்டயே சொல்லுங்கோ.”

அம்மா தலையசைத்தார். புடவை முந்தானையை இழுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, எரிகிற தட்டுக்கு முன்னால் கண்ணை மூடினார். ஆண்டவரே என்று மெல்லிய குரலில் தொடங்கி, சல்லடை ரூமில் வேலை செய்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் சொன்னது, அவர் ஒருநாளும் பார்த்திராத அண்ணாத்தேயின் தம்பியின் பெயர்.